ஓர் எழுத்துக்குக் கால் நொடி

காலை எட்டே முக்காலுக்கு, பிரார்த்தனை மணி அடிக்கும் முன்பே, பவதாரணி டீச்சர் மின்னேற்றிப் பெட்டியைத் திறந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவார். மொத்தம் இருபத்தெட்டு. ஈரப் பஞ்சால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. துடைக்காமல் விட்டால் பிள்ளைகளின் விரல் எண்ணெய் ஆடியில் படிந்து, கண்ணின் நகர்வைக் கருவி தப்பாகப் பதிந்துவிடும். தப்பாகப் பதிந்தால் மாலைக்குள் வட்டார அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும். விளக்கம் எழுதுவதைவிடத் துடைப்பது எளிது என்பதை ஐந்து வருடத்தில் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

அரசாணைகளில் அதன் பெயர் விழித்தடமி. பழுது பார்க்க வருகிறவர் ஐ டிராக்கர் என்பார். பிள்ளைகளுக்கு அது வெறும் கண்ணாடி. வரிசையில் வந்து, தலையை நீட்டி, மாட்டிக்கொண்டு போய் உட்காருவார்கள். கடல் பழைய வேம்பாரை எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்பு மேட்டுவேம்பார். அதன் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இப்படித்தான் தொடங்கும்.

வரிசையின் கடைசியில் எப்போதும் ஜெர்லின். மற்றவர்கள் அவளுடைய தோளுக்கும் கீழே நின்றார்கள். அவர்களுக்கு ஐந்து வயது, அவளுக்கு எட்டு. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பப்படும் கண்ணாடி ஐந்து வயதுத் தலைக்கு அளவெடுத்தது. பெரிய அளவு வேண்டும் என்று டீச்சர் மூன்று முறை எழுதினார். ஒன்றாம் வகுப்பில் அந்த அளவுக்குத் தேவை எழ வாய்ப்பில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. ஆகவே ஜெர்லினின் கண்ணாடிக் காம்புகளில் ரப்பர் பேண்டு கட்டி, தலையைச் சுற்றி மாட்டிவிடுவார். மதியத்துக்குள் அவள் காதுக்குப் பின்னால் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும்.

"ஆதவன், வாசி."

ஆதவன் கையிலிருந்த வாசிப்புப் பலகையைப் பார்த்தான். "ம... ழை... வ... ந்... த... து. மா... டு... ந... னை... ந்... த... து."

கண்ணாடியின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"நல்லது மக்கா. என்ன வந்துச்சு?"

ஆதவன் யோசித்தான். "பச்சை வந்துச்சு டீச்சர்."

அடுத்து ஜெர்லின். அவள் பலகையைப் பார்த்த மறுகணமே தலையைத் தூக்கிவிட்டாள்.

"மழை வந்தது, மாடு நனைந்தது. நனையிற வரைக்கும் அதப் பிடிச்சுக் கட்ட ஆளில்லையா டீச்சர்?"

ஆரஞ்சு விளக்கு. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "பாதை தவறியது. மீண்டும் முயல்க" என்றது. வகுப்பு முழுக்க அந்தக் குரலோடு சேர்ந்தே அதைச் சொல்லியது. ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கிற வாக்கியம்.

தொடக்க வாசிப்பு முறைப்படுத்தல் சட்டம் சொல்வது இவ்வளவுதான். அரசுப் பள்ளியில் ஒரு குழந்தை வாசிக்கும்போது அதன் கண் ஒவ்வோர் எழுத்திலும் கால் நொடியாவது நிற்க வேண்டும். எந்த எழுத்தையும் தாண்டக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. தாண்டினால் அந்தக் குழந்தை வாசிக்கவில்லை, ஊகிக்கிறது என்று பொருள். ஊகிப்பவர் என்று பதிவானவர் ஒன்றாம் வகுப்பைக் கடக்க முடியாது. வாயிலிருந்து வந்த சொல் சரியா தப்பா என்பதைக் கருவி பார்ப்பதில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை.

ஜெர்லினின் கண் சொல்லின் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, அடுத்த சொல்லுக்குப் பறந்துவிடும். வாசிக்கத் தெரிந்த எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் பறக்கிறது.

*

திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் முகுந்தன் வந்தார். கையில் ஓர் உறை. வகுப்பு வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"அந்த உயரமான பொண்ணுதானா?"

"அவதான் சார். இன்னிக்குப் பேப்பர் இருந்தா குடுங்க, தலையங்கம் வாசிப்பா."

"வாசிப்பா டீச்சர், யார் இல்லைன்னா? சட்டப்படி வாசிக்கல, அதான் பிரச்சனை." உறையைப் பிரித்தார். "பிரிவு இருபத்திரண்டு. மூணு வருஷம் தொடர்ந்து ஊகிப்பவர்னு வந்தா உறைவிட மையத்துக்கு மாத்தணும். திருச்சி. ரெண்டு வருஷம். இருபதாம் தேதி கடைசித் தேர்வு வைக்கிறோம்."

"எட்டு வயசுப் பிள்ளைய ரெண்டு வருஷம் திருச்சியில அடைச்சு வச்சு என்ன கத்துக்குடுப்பீங்க?"

"வாசிக்க."

டீச்சர் உள்ளே போய் உபரிக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். "இதப் போட்டுட்டு அந்த நோட்டீஸ வாசிங்க சார்."

முகுந்தன் சிரித்தார். ஆனால் மாட்டினார். காம்பு காதுவரை வரவில்லை, கையால் பிடித்துக்கொண்டார். "இதன் மூலம் தங்களுக்குத் தெரிவிக்கப்படுவது யாதெனில்..."

"பாதை தவறியது. மீண்டும் முயல்க" என்றது கண்ணாடி. இருபத்தேழு பிள்ளைகளும் கூடவே சொன்னார்கள். ஜெர்லின் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

"பெரியவங்களுக்குப் பிரிவு பதினாலுல விலக்கு இருக்கு" என்றார் முகுந்தன், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகு அவருடைய குரல் இறங்கியது. "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு டீச்சர். இது சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில விழுந்த ஓட்டை. நிபுணர் குழு நாப்பது பள்ளியில, அப்பத்தான் எழுத்துக் கத்துக்கிட்ட பிள்ளைங்களோட கண்ண அளந்தாங்க. கால் நொடிக் கணக்கு அங்கதான் வந்துச்சு. 'முதல் பருவத்துக்கு மட்டும்'னு மேல ஒரு வரி போட்டுத்தான் குடுத்தாங்க. மசோதாவ அச்சுக்கு அடுக்கும்போது அந்த வரி விட்டுப்போச்சு. அப்படியே நிறைவேறிருச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா இது?"

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

"அப்ப அந்த ஒரு வரியச் சேக்க வேண்டியதுதானே?"

"சேக்கணும்னா திருத்த மசோதாவா பேரவைக்குப் போகணும். போனா எழுத்தே வேண்டாம்ங்கிற முழுச்சொல்காரங்க ஒரு பக்கம், எழுத்தோட ஒலிதான் எல்லாம்ங்கிற ஒலிமுறைக்காரங்க ஒரு பக்கம் கிளம்புவாங்க. மொத்தச் சட்டத்தையும் பிரிச்சுப் போட்டுருவாங்க. பதினோரு மாசம் சண்டை போட்டு ஒப்புக்கிட்டது டீச்சர். யாரும் கை வைக்க மாட்டாங்க."

"அதுக்குப் பதிலா ஒரு பிள்ளைய திருச்சிக்கு அனுப்பலாம்."

"நான் அனுப்பல. சட்டம் அனுப்புது" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.

*

பள்ளி விடும் நேரத்துக்கு ஜெர்லினின் அப்பா கிளாட்வின் வந்தார். மீன்பிடித் தளத்துக்கு ஐஸ் ஏற்றும் லோடு ஆட்டோ அவருடையது. சட்டையின் முன்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். நோட்டீஸை வாங்கி, கையைத் துடைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"'மாற்றம்'னு இருக்கு. 'மையம்'னு இருக்கு. மத்தது நம்ம பட்டியல்ல இல்ல டீச்சர்."

அவர் படித்தது முழுச்சொல் சட்டத்தின் காலத்தில். எழுத்துகளே வேண்டாம், சொல்லைப் படம்போல மனதில் பதிய வைத்தால் போதும் என்று எங்கோ கைவிடப்பட்ட ஒரு முறையை அப்போதைய அரசு பிடித்துக்கொண்டது. ஆயிரத்து இருநூறு சொற்கள் கொண்ட அரசுப் பட்டியல் ஒன்று இருந்தது. கிளாட்வினுக்கு ஆயிரத்து இருநூறும் இன்றுவரை மறக்கவில்லை. ஆயிரத்து இருநூற்று ஒன்றாவது சொல் எதிரே வந்தால் அவருக்கு அது ஒரு கிறுக்கல்.

அவருடைய மனைவி பிரிசில்லா அதிர்ஷ்டக்காரி. அவர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தச் சட்டத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. மூன்று வருடம் பள்ளிகளில் சட்டபூர்வமான முறை என்று எதுவுமே இல்லை. ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி சொல்லிக்கொடுத்தார்கள். மாவட்டத்தில் நன்றாக வாசிக்கிறவர்களைக் கணக்கெடுத்தால் பாதிப் பேர் அந்த மூன்று வருடத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பிரிசில்லா இப்போது நடுக்கடல் காற்றாலை மேடையில் வேலை பார்க்கிறார். அங்கே சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது. வெள்ளிக்கிழமை சரக்குப் படகு வரும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவார். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தது ஜெர்லின் மட்டும்தான். நாலு வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து பழகியது. பிறகு தாள்களை வாசித்து வாசித்துக் கை தேர்ந்தது.

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் கட்டில்ல படுத்துக்கிடுவேன் டீச்சர். அவ பக்கத்துல உக்காந்து வாசிப்பா. அவங்க அம்மா பேசுத மாதிரியே வாசிப்பா. எனக்கு ஏச்சு விழுத எடத்துல குரல ஏத்துவா, கழுத." கிளாட்வின் நோட்டீஸைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். "அவள திருச்சிக்கு அனுப்பிட்டு நான் அந்தத் தாள வச்சு என்ன செய்ய? பாத்துக்கிட்டே இருக்கவா?"

"இருபதாம் தேதி வரைக்கும் பத்து நாள் இருக்கு. நான் பாக்கேன்."

"அவளுக்கு வாசிக்கத் தெரியும்லா டீச்சர்? நீங்க எதக் கத்துக்குடுப்பிய?"

பவதாரணி டீச்சருக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

*

முதல் நாள், எழுத்துக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தச் சொன்னார். விரல் நிதானமாக நகர்ந்தது, கண் வரியின் கடைசிக்குப் போய் விரலுக்காகக் காத்திருந்தது. ஆரஞ்சு. இரண்டாம் நாள், ஓர் அட்டையில் ஓர் எழுத்து மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை போட்டுப் பலகைமேல் நகர்த்தினார். பச்சை எரிந்தது. ஆனால் தேர்வில் அட்டைக்கு அனுமதி இல்லை. அட்டையை எடுத்ததும் கண் மறுபடி பறந்தது.

"ஏட்டி, ஏன் அவசரப்படுத?"

"நான் அவசரப்படல டீச்சர். அதுவே முன்னாடி வந்து நிக்கி. 'பூனை பால்'னு பாத்தாலே 'குடித்தது' வந்துருது. வேற என்ன செய்யும் பூனை? பால வச்சுக் குளிக்கவா செய்யும்?"

மூன்றாம் நாள் மாலை டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. மேசைமேல் கிடந்த சட்டத்தின் பிரதியை எடுத்து, எதற்கென்றே தெரியாமல், இரண்டாம் அட்டவணையைப் பிரித்து அவள் முன்னால் போட்டார். "இத வாசி, பாப்போம்."

ஜெர்லின் குனிந்தாள். "மே... ற்... சொ... ன்... ன... உ... ட்... பி... ரி... வி... ன்... க... ண்..."

பச்சை விளக்கு எரிந்தது. அணையாமல் எரிந்தது. வரி முடிந்து அடுத்த வரியிலும் எரிந்தது. இங்கே பூனையும் இல்லை, பாலும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஜெர்லின் சட்டப்படி வாசித்தாள்.

"என்ன டீச்சர் இது? ஒண்ணுமே புரியல."

"புரிய வேண்டாம். அப்படியே போ."

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் அதுதான் பாடம். சட்டம் இருபத்தாறு பக்கம் இருந்தது. முடிந்தபோது அரசிதழின் பழைய அறிவிக்கைகளை எடுத்தார்கள். எட்டாம் நாள் பாடநூலுக்கு வந்தார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "என்ன சொல்லுதுன்னு பாக்காத. எழுத்த மட்டும் பாரு. இது பூனை இல்ல, பூ, அப்புறம் னை. சட்டத்த வாசிச்ச மாதிரியே வாசி."

"வீட்டுலயும் இப்படித்தானா டீச்சர்?"

"வீட்டுல உன் இஷ்டம்போல வாசி மக்கா. இது கண்ணாடிக்கு."

அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

இருபதாம் தேதி முகுந்தன் வந்தார், இரண்டு சாட்சிகளுடன். ஜெர்லின் ரப்பர் பேண்டு கட்டிய கண்ணாடியோடு உட்கார்ந்து பன்னிரண்டு வாக்கியங்களை வாசித்தாள். ஒரு மாடு கிணற்றில் விழுந்து ஊரார் அதைத் தூக்கிய கதை. மாடு விழுந்த இடத்தில் அவள் குரல் மாறவில்லை, தூக்கிய இடத்திலும் மாறவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை பச்சை. பிள்ளைகள் கைதட்டினார்கள். முகுந்தன் உண்மையாகவே மகிழ்ந்தார்.

"பாத்தீங்களா டீச்சர், முயற்சி பண்ணா முடியுது."

சான்றிதழில் வாசிப்புப் பாதை நூற்றுக்கு நூறு என்று இருந்தது. அதற்குக் கீழே, பொருள் உணர்தல் என்ற கட்டத்தில், 'இச்சட்டத்தின் வரம்பில் வராது' என்று அச்சடித்தே வந்திருந்தது. கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்று: அறுபது பள்ளி நாட்கள் இரண்டாம் வகுப்பிலும் கண்ணாடி அணிந்து, ஒரு நாள்கூடப் பாதை தவறாமல் இருந்தால் மட்டுமே இது உறுதியாகும்.

*

அந்த அறுபது நாளில் கடல் கொந்தளிப்பாக இருந்தது. தென்கிழக்கில் ஒரு புயற்சின்னம் கலைந்தால் அடுத்தது உருவானது. சரக்குப் படகு ஒன்பது வெள்ளிக்கிழமை வரவில்லை. மேடைக்கு வேண்டியதை ஆளில்லா விமானம் போட்டுவிட்டு வந்தது. அது தாள்களைத் திருப்பி எடுத்து வருவதில்லை.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஜெர்லினைப் பற்றி நல்லதாகவே சொன்னார். தொந்தரவு இல்லாத பிள்ளை, கேள்வி கேட்பதில்லை, எப்போதும் பச்சை. பவதாரணி டீச்சர் அதைக் கேட்டு நிம்மதி அடைய முயன்றார். ஒருமுறை நூலக அலமாரிப் பக்கம் அவளைப் பார்த்தபோது, "புதுப் புஸ்தகம் வந்திருக்கே, எடுக்கலையா?" என்று கேட்டார். "ஒரு பக்கம் முடியுமுன்ன கை வலிக்கு டீச்சர்" என்றாள் ஜெர்லின். வாசிக்கக் கை ஏன் வலிக்க வேண்டும் என்று அவர் அப்போது கேட்கவில்லை. இருபத்தெட்டுக் கண்ணாடி துடைக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை படகு வந்தது. பள்ளி விட்டு, டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் லோடு ஆட்டோ நின்றது. கிளாட்வின் இறங்கினார். பின்னால் ஜெர்லின்.

"டீச்சர், தாள் வந்திருக்கு. என்னமோ சரியா வாசிக்க மாட்டேங்கா. மேலுக்கு முடியலையான்னு கேட்டா இல்லங்கா. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

டீச்சர் தாளை வாங்கினார். பார்த்த அளவிலேயே நாலைந்து வரிகள் கண்ணில் விழுந்துவிட்டன. தானே வாசித்துச் சொல்லிவிடலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். பிறகு ஜெர்லினிடம் நீட்டினார்.

"நீ வாசி மக்கா. இங்க கண்ணாடி இல்ல. உன் இஷ்டம்போல வாசி."

ஜெர்லின் தாளை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள். பலகையைப் பிடிப்பதுபோல.

"ஜெ... ர்... லி... னு... உ... ங்... க... ப்... பா... ச... ட்... டை... ய... நீ... து... வை... க்... கா... த..."

கிளாட்வின் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்த ஒலிகளின் பின்னால் போனார். அவருக்கு எழுத்து வராது, காது நன்றாகக் கேட்கும். உதடு அசைத்து ஒட்டவைத்தார். ஒட்டியதும் சிரித்துவிட்டார். "பாத்தியளா டீச்சர், அங்க இருந்துக்கிட்டே எனக்கு ஏச்சு!"

ஜெர்லின் நிறுத்தவில்லை. சிரிப்பு அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. தாடை ஒரே சீராக அசைந்தது. மேடைக்கு அடியில் தினமும் ஓர் ஆமை வருவதும், அதற்கு அவள் பெயரையே வைத்திருப்பதும் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தன. கிளாட்வின் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்.

"கி... றி... ஸ்... து... ம... ஸு... க்... கு... லீ... வு... கெ... டை... ச்... சி... ரு... க்... கு... இ... ரு... ப... து... நா... ள்... அ... ம்... மா... வா... ரே... ன்..."

தாள் முடிந்தது. கிளாட்வின் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஈரச் சட்டைக்குள் அவர் தோள் குலுங்கியது. பிரிசில்லா வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

ஜெர்லின் அப்பாவைப் பார்க்கவில்லை. தாளைக் கீழே இறக்கிவிட்டு, தப்பு எதுவும் விழுந்துவிட்டதோ என்கிற கவலையோடு தலையைத் தூக்கினாள்.

"பச்சையா டீச்சர்?"